துள்ளி நிற்கும் ரோபோ

கேள்வி: நானும் என் மகனும் சேர்ந்து ஒரு இரண்டு சக்கர ரோபோ கிட்டைப் பொருத்தினோம். மூளையாக ஆர்டுயினோ யூனோ போர்டு, அதன் கட்டளைப்படி மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்க எல்298என் மோட்டார் டிரைவர், மஞ்சள் நிற மோட்டார் இரண்டு. யூஎஸ்பி கேபிளில் புரோகிராம் ஒழுங்காக ஏறுகிறது. 9 வோல்ட் சதுர பேட்டரியை மாட்டித் தரையில் விட்டால் ஒரு துள்ளல், அப்புறம் நிற்கிறது. மறுபடி ஒரு துள்ளல். புரோகிராமை மூன்று முறை மாற்றியாயிற்று. போர்டு போய்விட்டதா?

பதில்: போகவில்லை. புரோகிராமிலும் குற்றமில்லை, முதலில் எழுதியதையே திரும்ப ஏற்றிவிடுங்கள். கோளாறு பேட்டரியில்.

அந்தச் சதுர பேட்டரிக்குள் இருப்பவை ஆறு குட்டி செல்கள். கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரம் எடுக்கும் சாதனங்களுக்கு அது போதும். மோட்டார் அப்படியல்ல. நின்ற இடத்திலிருந்து கிளம்பும் கணத்தில், ஓடும்போது எடுப்பதைவிடப் பல மடங்கு இழுக்கும். பேட்டரி தாக்குப்பிடிக்காமல் வோல்ட் சரியும். போர்டு அணைந்து, மறுபடி விழித்து, புரோகிராமை முதல் வரியிலிருந்து தொடங்கும். முதல் வேலையே மோட்டாரைக் கிளப்புவது. மறுபடி சரிவு. நீங்கள் பார்த்த துள்ளல் இதுதான்.

இதை மகனுக்குச் சொல்வதோடு விடாதீர்கள், காட்டுங்கள். இதே கோளாறோடு வந்த ஒரு மாணவியிடம் வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரைக் கொடுத்து, பேட்டரியின் இரு முனைகளிலும் வைத்துப் பிடிக்கச் சொன்னேன். 9-க்கு மேல் நின்ற எண், சக்கரம் அசைந்ததும் 5-க்குக் கீழே இறங்கியது. "விழுது சார், விழுது!" என்று கத்தினாள். இப்போது எந்த ரோபோ முரண்டு பிடித்தாலும் அவள் கை முதலில் மல்டிமீட்டரைத்தான் தேடுகிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைந்துவிடும்.

சரி, மாற்று என்ன? சார்ஜ் செய்யக்கூடிய டபுள் ஏ நிக்கல் செல்கள் ஆறு போடுங்கள். ஒன்று 1.2 வோல்ட், ஆறும் சேர்ந்து 7.2. எல்298என் தன் பங்குக்கு ஏறக்குறைய 2 வோல்ட் விழுங்கிவிடும்; மீதி 5 சொச்சம் மோட்டாருக்கு. அந்த மஞ்சள் மோட்டார்கள் 3 முதல் 6 வோல்ட்டுக்கானவை என்பதால் அளவாக இருக்கும். இதே செல் நான்கு மட்டும் போட்டால் மோட்டாருக்கு 3 வோல்ட்கூடப் போய்ச் சேராது, கிளம்பாமல் முனகும். லித்தியம் செல் இப்போதைக்கு வேண்டாம் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். ஷார்ட் ஆனால் தீப்பிடிக்கும். பிள்ளைகள் வயரை மாற்றி மாட்டித்தான் கற்றுக்கொள்வார்கள்.

செல் மாற்றும்போதே, பேட்டரியின் மைனஸ், டிரைவரின் கிரவுண்ட் (GND என்று குறித்த முனை), போர்டின் கிரவுண்ட் மூன்றும் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

கேள்வி: இரண்டு மோட்டாருக்கும் ஒரே வேகம்தான் கொடுக்கிறேன், புரோகிராமில் 200 என்ற எண். ஆனாலும் ரோபோ இடப்பக்கமே ஒதுங்குகிறது. ஏன்?

பதில்: ஒரே பெட்டியில் வந்த இரண்டு மோட்டார்கள்கூட ஒரே மாதிரி சுற்றுவதில்லை. உங்களுடையதில் இடது சக்கரம் மெதுவாக ஓடுகிறது. சக்கரம் சட்டத்தில் உரசுகிறதா, அச்சில் தலைமுடி சுற்றியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால் வலது மோட்டாரை 190, 185 என்று குறைத்துக்கொண்டே வாருங்கள். நேராக ஓடும் இடம் கிடைத்துவிடும்.

கேள்வி: என் பேத்திக்கு ஒன்பது வயது. அவளுக்குத் திரையில் கட்டளைக் கட்டைகளை இழுத்து அடுக்கும் பிளாக் புரோகிராம் போதுமா, எழுதும் மொழியிலேயே தொடங்கலாமா? எனக்குக் கணினி அவ்வளவாகத் தெரியாது. நான் எப்படி உதவுவது?

பதில்: பிளாக்கே போதும் அம்மா. வரிசை, திரும்பச் செய்தல், 'இப்படி இருந்தால் அப்படிச் செய்' எல்லாம் அதிலேயே இருக்கின்றன. பிளாக் அடுக்க நேரமாகிறது என்று அவளே அலுத்துக்கொள்ளும் நாளில் எழுத்துக்கு மாறலாம்.

உங்களுக்குக் கணினி தெரிய வேண்டாம், நடக்கத் தெரிந்தால் போதும். கணித அறிஞர் சேமூர் பேப்பர்ட்டும் அவருடைய கூட்டாளிகளும் 1967-இல் குழந்தைகளுக்காக லோகோ என்ற கணினி மொழியை உருவாக்கினார்கள். அதன் கட்டளைக்குத் தரையில் ஓடும் ஆமை ரோபோவும் பிறகு வந்தது. ஆமை எப்படித் திரும்பும் என்று தெரியாவிட்டால், நீயே ஆமையாகி நடந்து பார் என்பதுதான் அவர் பிள்ளைகளுக்குக் காட்டிய வழி. நீங்களும் பேத்தியைக் கூடத்தில் நிறுத்தி, "நாலு அடி நட, வலப்பக்கம் திரும்பு" என்று நான்கு முறை சொல்லுங்கள். தரையில் ஒரு சதுரம் போட்டுவிடுவாள்.

அப்புறம் ரோபோவிடம் அதையே கேட்கட்டும். இங்கேதான் சுவாரசியம். சாதாரண இரண்டு மோட்டார் ரோபோவுக்கு 90 டிகிரி என்றால் என்னவென்றே தெரியாது; இத்தனை மில்லிசெகண்டுக்குச் சக்கரத்தைச் சுற்று என்பதுதான் அதற்குப் புரியும். 300 கொடுத்தால் எவ்வளவு திரும்புகிறது, 400 கொடுத்தால் எவ்வளவு? சாக்பீஸால் தரையில் கோடு போட்டு அவளே பார்த்து நோட்டில் எழுதட்டும். வழவழப்பான தரையில் கிடைத்த எண் கம்பளத்தில் பலிக்காது. ஏன் என்று அவள் கேட்டால் பதிலை உடனே சொல்லிவிடாதீர்கள். இரண்டு இடத்திலும் சக்கரத்தைக் கையால் உருட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஸ்க்ரூடிரைவர் அவள் கையிலேயே இருக்கட்டும். திருகு கோணலாகப் போனாலும் கழற்றி மறுபடி போட்டுக்கொள்ளலாம். சதுரம் சரியாக வந்ததும், நோட்டில் கடைசியாக எழுதிய எண்ணை எனக்கும் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். எந்தத் தரையில் ஓட்டியது என்பதையும்.