சாப்பாட்டு மேஜையில் வக்கீல் ஆபீஸ்

கே: அமெரிக்க மாநிலச் சட்டசபைகளில் வக்கீல்கள் நிறைய உண்டாமே! உங்களுக்குப் பிடித்தவர் யார்? (வாசகர், மன்னார்குடி)

ப: சந்தேகமே வேண்டாம், பார்பரா ஜோர்டன். டெக்சாஸில் ஹூஸ்டன்காரர், கறுப்பினப் பெண்மணி. 1959-ல் பாஸ்டனில் சட்டம் முடித்தார். அப்புறம் ஊர் திரும்பி, பெற்றோர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையிலேயே வழக்குக் கட்சிக்காரர்களைப் பார்த்தார். மாநிலக் கீழ்ச்சபைக்கு நின்ற 1962, 1964 இரண்டு தேர்தலிலும் தோல்வி. பேச்சில் குறையில்லை, மணி அடித்த மாதிரிக் குரல். ஆனால் மாவட்டம் முழுவதும் சேர்ந்து ஓட்டுப் போட்டதால் கறுப்பர் ஓட்டு கரைந்துபோனது. தொகுதி எல்லைகளை மாற்றி வரைந்த பிறகு 1966-ல் மாநில செனட்டுக்கு (மேல்சபைக்கு) ஜெயித்தார். 1883-க்குப் பிறகு அங்கே நுழைந்த முதல் கறுப்பினத்தவர் அவர்தான்.

உள்ளே போனதும் சண்டைக்கு நிற்கவில்லை. சபை விதிகளைக் கரைத்துக் குடித்தார், எதிரணியோடும் பழகினார். டெக்சாஸின் முதல் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்துக்குப் பாடுபட்டதில் அவருக்குப் பெரிய பங்கு. இதுதான் எனக்குப் பிடித்த பார்பரா. உலகம் கொண்டாடுவதோ, நாடாளுமன்றம் போனபின் 1974-ல் ஜனாதிபதி நிக்சனுக்கு எதிராக அவர் பேசிய பேச்சை.

ஒன்று சொல்ல மறந்தேனே: 1972 ஜூன் 10 அன்று அவர் டெக்சாஸின் ஒருநாள் கவர்னர். நம் ஊரில் அதெல்லாம் சினிமாவில்தான்!