விடியக்காலை கனவும் ஒரு பழைய ரூல்டு நோட்டும்

கேள்வி: அக்கா, நான் வாட்டர்கலர் பண்றவ. ரெண்டு மாசமா பேப்பர் முன்னாடி உக்காந்தா ஒண்ணுமே வரமாட்டேங்குது. கனவை எழுதி வை, ஐடியா தானா கொட்டும்னு ஃப்ரெண்டு சொல்றா. எனக்குக் கனவே வர்றதில்ல, வந்தாலும் பல்லு விளக்குறதுக்குள்ள மறந்துடுது. என்ன செய்யட்டும்? - கும்பகோணம் வாசகி

பதில்: கனவெல்லாம் வருதும்மா, நீ பிடிக்கலை அவ்ளோதான். விடியக்காலைல கண்ட கனவு பலிக்கும்னு பாட்டிங்க சொல்வாங்கல்ல, பலிக்குதோ இல்லையோ, அந்தக் கனவுதான் ஞாபகம் நிக்கும், அதுக்குக் காரணம் இருக்கு. தூக்கம் சுத்து சுத்தா வரும், ஒரு சுத்து ஏறக்குறைய 90 நிமிஷம், அந்தச் சுத்தோட கடைசில கண்ணு இமைக்குள்ளயே படபடன்னு ஓடும், ரெம் தூக்கம்னு சொல்றாங்க, 1953ல சிகாகோ ஆளுங்க கண்டுபிடிச்சது. முன்னிரவுல அது சில நிமிஷம்தான், விடிய விடிய நீண்டுக்கிட்டே போகும். அதனால கெட்டியான கனவெல்லாம் அலாரத்துக்குக் கொஞ்சம் முன்னாடிதான் ஓடிட்டிருக்கு, நாம அலாரத்தை நிறுத்துற கையோட வாட்ஸப்பைத் திறந்துடறோம், முடிஞ்சது கதை.

முழிச்சதும் அசையாதே. புரளக்கூட வேணாம். கண்ணை மூடிக்கிட்டே கடைசியா எங்க இருந்தோம்னு யோசி, அதைப் பிடிச்சா அதுக்கு முன்னாடி நடந்தது வால் மாதிரி பின்னாடியே வரும். தலைமாட்டுல ஒரு பழைய ரூல்டு நோட்டு, ஒரு பென்சில் (படுத்துக்கிட்டே மேல பாத்து எழுதினா பால்பாயின்ட் மக்கர் பண்ணும்). கணித மேதை ராமானுஜன் கனவுல நாமகிரித் தாயார் வந்து கணக்குச் சொன்ன கதையை எல்லாரும் சொல்வாங்க, முழிச்ச உடனே எழுதி வச்சுட்டதா அவர் சொன்னதை மட்டும் விட்டுடுவாங்க. எனக்கு அந்த ரெண்டாவது பாதிதான் முக்கியம்.

இன்னொண்ணு, நீ ஓவியர், எழுதணும்னு என்ன கட்டாயம், வரைஞ்சிடு. இத்தாலி டைரக்டர் ஃபெல்லினி அப்படித்தான் பண்ணார், சினிமாவுக்கு வர்றதுக்கு முன்னாடி கார்ட்டூன் போட்டுட்டிருந்தவர், ஒரு மனநல டாக்டர் சொல்லித்தான் ஆரம்பிச்சார், 1960லேர்ந்து நடுநடுவுல விட்டுவிட்டு 30 வருஷம் கலர் பேனால கனவைக் கிறுக்கித் தள்ளியிருக்கார். அவர் போன பிறகு 2007ல அது பெரிய புத்தகமாவே வந்துச்சு. அழகா வரையணும்னு உக்காந்தேனா அங்கயே கனவு செத்துடும், குச்சி மனுஷன் போதும்.

கேள்வி: ஆறு மாசமா எழுதறேன் மேடம். ஆனா எல்லாம் ஆபீஸ் எக்ஸெல் ஷீட்டு, பஸ்ஸை விடறது, எக்ஸாம் ஹால்ல பேனா இல்லாம நிக்கறது. இதை வச்சு என்ன கவிதை எழுதறது? - திருப்பூர் வாசகர்

பதில்: கனவை அப்படியே கவிதையாக்கப் பாக்கறீங்க, அதான் சிக்கல். கனவுல கதை எப்பவுமே சொத்தைதான், பொருளும் இடமும்தான் சரக்கு. ஒரு மாசம் திரும்பியே பாக்காம எழுதுங்க, அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை எடுத்து வாசிச்சு ஒவ்வொரு கனவுலயும் ஒரே ஒரு வினோதத்தை மட்டும் அடிக்கோடு போடுங்க. எனக்கும் பஸ்ஸை விடற கனவு வாராவாரம் வரும், ஒரு தடவை மட்டும் அந்தக் கண்டக்டர் டிக்கெட்டுக்குப் பதிலா வெத்தலை கிழிச்சுக் குடுத்தார், பஸ்ஸைத் தூக்கிப் போட்டுட்டு அந்த வெத்தலையை மட்டும் வச்சுக்கிட்டேன், ரெண்டு வருஷம் கழிச்சு ஒரு சிறுகதைல உக்காந்துச்சு. அப்புறம் பாம்பு வந்தா இது, பல்லு விழுந்தா அதுன்னு அர்த்தம் தேடாதீங்க, அர்த்தம் தெரிஞ்ச நிமிஷம் வெத்தலை வெறும் வெத்தலையாயிடும்.

கேள்வி: ராத்திரி ஷிஃப்ட் வேலை எனக்கு. மதியத் தூக்கத்துல இதெல்லாம் நடக்குமா? - ஓசூர் வாசகர்

பதில்: பேஷா நடக்கும். ஓவியர் டாலி சேர்ல சாஞ்சுக்கிட்டு கனமான சாவியைக் கைல பிடிச்சு, கீழ ஒரு தட்டைக் கவுத்து வச்சுத் தூங்குவார், கண்ணு சொருகினதும் கை தளர்ந்து சாவி டங்குனு விழும், எழுந்து வரைவார். சும்மா கதைன்னுதான் நானும் நினைச்சேன், 2021ல பாரிஸ்ல ஆராய்ச்சி பண்ணவங்க இதே மாதிரி கைல பொருளைக் குடுத்துப் பாத்திருக்காங்க, ஒரு கணக்குல ஒளிஞ்சிருந்த குறுக்கு வழியை, முழிச்சே இருந்தவங்கள்ல 30 சதவீதம் பேர்தான் கண்டுபிடிச்சாங்க, கண்ணு சொருகற அந்த விளிம்புத் தூக்கத்துல 15 செகண்டாவது இருந்தவங்கள்ல 83 சதவீதம். ஆழ்ந்து தூங்கினவங்களுக்கு அந்தப் பலன் இல்ல. நானும் எவர்சில்வர் தட்டை வச்சு ட்ரை பண்ணேன், சாவி விழுந்த சத்தத்துல பூனை பீரோ மேல ஏறிடுச்சு, அதை இறக்கறதுக்குள்ள என்ன கனவுன்னே மறந்துபோச்சு. நீங்க தட்டுக்கு அடில துணி போட்டுக்கோங்க.