துணைவியின் பிள்ளைகளோடு கப்பல் பயணம்: யாருடைய கையொப்பம் வேண்டும்?

கேள்வி: நான் லண்டன் ஹரோவில் வசிக்கிறேன். என் துணைவிக்கு முந்தைய திருமணத்தில் 9 வயதில் ஒரு மகளும் 6 வயதில் ஒரு மகனும் இருக்கிறார்கள். இருவரும் இங்கே பிறந்தவர்கள்; பிரித்தானியக் கடவுச்சீட்டு வைத்திருக்கிறார்கள். மூன்று ஆண்டுகளாக நாங்கள் நால்வரும் ஒரே வீட்டில் இருக்கிறோம். சென்ற ஆண்டு கோயிலில் தாலி கட்டினேன். பதிவுத் திருமணம் இன்னும் செய்யவில்லை. பிள்ளைகளின் தந்தை லெஸ்டரில் இருக்கிறார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சனி, ஞாயிறு பிள்ளைகள் அவரிடம் போவார்கள். விவாகரத்தின்போது பிள்ளைகள் தாயுடன் இருப்பது என்று முடிவாகியிருக்கிறது. வருகிற ஆகஸ்டில் சவுத்தாம்ப்டனிலிருந்து நோர்வேக்கு ஏழு இரவுக் கப்பல் பயணம் போக எண்ணுகிறோம். சத்தியக்கடதாசி, நொத்தாரிசின் (ஆவணங்களை உறுதிப்படுத்தும் சட்ட அலுவலரின்) முத்திரை, அப்போஸ்டில் என்ற வெளியுறவு அமைச்சின் சான்று ஆகிய மூன்றும் கட்டாயம் என்றும், 380 பவுண் தந்தால் தானே முடித்துத் தருவதாகவும் பயண முகவர் சொல்கிறார். இது உண்மையா? என் துணைவிக்கு மருத்துவமனை வேலையில் விடுப்பு இன்னும் உறுதியாகவில்லை. கிடைக்காவிட்டால் நான் மட்டும் பிள்ளைகளைக் கூட்டிச் செல்லலாமா?

பதில்: முதலில் அந்த 380 பவுணை உங்கள் சட்டைப்பையிலேயே வைத்திருங்கள். முகவர் சொன்ன மூன்று கடதாசிகளிலும் பிள்ளைகளின் தந்தை எங்கே கையொப்பமிடுகிறார் என்று அவரிடம் கேட்டீர்களா? அவர் அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லியிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். சில மாதங்களுக்கு முன் ஒரு குடும்பம் இதேபோன்ற ஒரு கடதாசிக் கட்டை என் மேசையில் கொண்டுவந்து வைத்தது. சிவப்பு நாடாவால் கட்டி, நான்கு முத்திரைகள் குத்தி, பார்ப்பதற்கு ஒரு காணி உறுதி போலவே இருந்தது. தாய் கையொப்பமிட்டிருந்தார், தாயின் துணைவர் கையொப்பமிட்டிருந்தார், நொத்தாரிசும் கையொப்பமிட்டிருந்தார். சம்மதம் தரவேண்டிய தந்தையின் கையொப்பம் மட்டும் அதில் இல்லை.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சட்டம் கேட்பது எளிமையானது. 16 வயதுக்குக் குறைந்த ஒரு பிள்ளையை ஐக்கிய இராச்சியத்துக்கு வெளியே கொண்டுபோவதானால், அந்தப் பிள்ளையின்மீது 'பெற்றோர் பொறுப்பு' (பிள்ளையைப் பற்றி முடிவெடுக்கும் சட்ட உரிமையும் கடமையும்) உள்ள ஒவ்வொருவரும் சம்மதிக்க வேண்டும், அல்லது நீதிமன்றம் அனுமதிக்க வேண்டும். தாய்க்கு இந்தப் பொறுப்பு பிறப்பிலிருந்தே உண்டு. பிள்ளை பிறந்தபோது தாயைச் சட்டப்படி மணந்திருந்த தந்தைக்கும் உண்டு. மணந்திருக்காவிட்டாலும், 2003 டிசம்பர் 1 முதல் இங்கே பதிவான பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் பெயர் இருந்தால் அவருக்கும் உண்டு. உங்கள் துணைவியின் பிள்ளைகள் இருவருமே அந்தத் திகதிக்குப் பல ஆண்டுகள் பின்னர் பிறந்தவர்கள் என்பதால், பத்திரத்தில் அவர் பெயர் இருக்கும்வரை இதில் விவாதிக்க ஒன்றுமில்லை. விவாகரத்து ஆனதாலோ, அவர் செலவுப் பணம் ஒழுங்காகக் கட்டாததாலோ அந்தப் பொறுப்பு அற்றுப்போவதில்லை. உங்களுக்கோ, எவ்வளவு பாசமாக வளர்த்தாலும், சட்டத்தின் கண்ணில் அது இல்லை. பதிவுத் திருமணம் செய்யாதவரை, இந்தப் பொறுப்பைப் பெற மாற்றுத் தந்தைக்கென்று இருக்கிற ஒப்பந்த வழியும் உங்களுக்குத் திறக்காது. ஆனால் இந்தப் பயணத்துக்கு அது தேவையும் இல்லை. அதையும் ஒருவர் உங்களுக்கு விற்க வந்தால் வாங்காதீர்கள்.

சம்மதமில்லாமல் கொண்டுபோவது 1984ஆம் ஆண்டின் பிள்ளை கடத்தல் சட்டத்தின்கீழ் குற்றம். கிரவுன் நீதிமன்றத்தில் ஏழு ஆண்டுவரை சிறைத்தண்டனை விதிக்கலாம். ஒரு வார விடுமுறைக்காக ஒருவரைச் சிறைக்கு அனுப்பிவிடுவார்கள் என்று நான் பயமுறுத்தவில்லை. 'போன வருடம் பாரிஸுக்குப் போனோம், ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை' என்று கூடியிருக்கும் இடங்களில் சொல்பவர்களை நம்பி நடக்கவேண்டாம் என்றுதான் சொல்கிறேன். இந்த நாட்டிலிருந்து வெளியேறும்போது கடவுச்சீட்டில் முத்திரை குத்த ஓர் அதிகாரி உட்கார்ந்திருப்பதில்லை. ஆகவே ஒருவரும் கேட்காததைக் கொண்டு அனுமதி இருந்தது என்று சொல்லிவிட முடியாது. கேள்வி வந்தால் அது தந்தையின் சட்டத்தரணியிடமிருந்து, நீங்கள் திரும்பி வந்த பிறகு, ஒரு கடிதமாக வரும்.

இனி, எல்லோரும் பாதி மட்டும் கேள்விப்பட்டிருக்கிற 28 நாள் விடயத்துக்கு வருகிறேன். இதை நான் விரிவாகவே சொல்லவேண்டியிருக்கிறது, ஏனென்றால் என்னிடம் வருகிற சிக்கல்களில் பெரும்பகுதி இங்கேதான் தொடங்குகிறது. 1989ஆம் ஆண்டின் பிள்ளைகள் சட்டம் ஒரு விலக்குத் தருகிறது: பிள்ளை யாருடன் வாழவேண்டும் என்று நீதிமன்றக் கட்டளை ஒன்று பெயர் குறிப்பிட்டுச் சொல்லியிருந்தால், அந்த நபர் மற்றவரின் சம்மதமின்றியே ஒரு மாதத்துக்குக் குறைவான காலத்துக்குப் பிள்ளையை வெளிநாடு கொண்டுபோகலாம். அரசின் வழிகாட்டலில் இதுவே 28 நாள் என்று எழுதப்படுகிறது. மக்கள் வாயில் இது 'தாய் என்றால் 28 நாள் கேட்கத் தேவையில்லை' என்று சுருங்கிவிட்டது. அது தவறு. தாயாக இருப்பதால் இந்த உரிமை வருவதில்லை. கட்டளையில் பெயர் இருப்பதால் வருகிறது. 'விவாகரத்தின்போது முடிவாகியிருக்கிறது' என்று எழுதியிருக்கிறீர்களே, எந்தக் கடதாசியில் முடிவானது? இந்த நாட்டின் விவாகரத்துத் தீர்ப்பு திருமணத்தை முடித்துவைக்குமே தவிர, பிள்ளைகள் யாருடன் என்று சொல்லாது. மத்தியஸ்தர் முன்னிலையில் இருவரும் எழுதிக்கொண்ட ஒப்பந்தமும் கட்டளை ஆகாது. யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ ஒரு நீதிமன்றம் பிள்ளையைத் தாயிடம் ஒப்படைத்த தீர்ப்பும் இந்தச் சட்டம் கேட்கிற கட்டளை அல்ல. 'சைல்ட் அரேஞ்ச்மென்ட்ஸ் ஆர்டர்' என்ற பெயரோடும் நீதிமன்ற முத்திரையோடும், பிள்ளைகள் தாயுடன் வாழவேண்டும் என்ற வரியோடும் ஒரு தாள் இருக்கவேண்டும். அதிலுள்ள எச்சரிக்கைக் குறிப்பிலேயே இந்த ஒரு மாத விலக்கு அச்சாகியிருக்கும். உங்கள் துணைவியிடம் அலுமாரியிலிருந்து அதை எடுத்துவரச் சொல்லி, இருவருமாக உட்கார்ந்து வாசியுங்கள். வெளிநாடு போவதற்கு முன்கூட்டியே அறிவிக்கவேண்டும் என்றோ, போகவே கூடாது என்றோ தனியாக ஒரு வரி இருந்தால் அந்த வரியே செல்லும்.

கட்டளை இருந்தாலும் இரண்டு பொறிகள் உண்டு. ஒன்று நாட்காட்டியில் இருக்கிறது. ஏழு இரவுப் பயணம் எப்படியும் ஒரு சனி, ஞாயிறைத் தொடும். அது தந்தையின் முறையாக இருந்து, அந்த முறை கட்டளையிலேயே எழுதப்பட்டிருந்தால், 28 நாள் விலக்கைக் காட்டி அவருடைய வார இறுதியைப் பறிக்க முடியாது. பதிவு செய்யும் முன் திகதியைப் பாருங்கள். மாற்று வார இறுதி ஒன்றை எழுத்தில் கொடுங்கள். இரண்டாவது பொறி உங்கள் கடைசிக் கேள்வியில் இருக்கிறது. அந்த விலக்கு தாயினுடையது; உங்களுடையது அல்ல. தாய் கப்பலேறாமல் நீங்கள் மட்டும் போனால், தாய்தான் 'அனுப்பிவைத்தார்' என்று வாதாடச் சட்டத்தில் இடம் இருக்கிறது என்பது உண்மையே. ஆனால் வாதாட வேண்டிய நிலைக்கு வந்தாலே உங்கள் விடுமுறை முடிந்துவிட்டது என்று பொருள். ஆகவே நீங்கள் தனியாகக் கூட்டிச் செல்வதானால், கட்டளை இருந்தாலும் இல்லாவிட்டாலும், தாய், தந்தை இருவரின் எழுத்தும் கையில் இருக்கவேண்டும்.

முகவர் சொன்னதில் ஒரு துளி உண்மை இருப்பது இந்த இடத்தில் மட்டுமே. பெற்றோர் அல்லாத ஒருவருடன் வரும் பிள்ளைகளுக்கு, பெற்றோர் ஒருவரின் கடிதம் நொத்தாரிசு முன்னிலையில் கையொப்பமிடப்பட்டிருக்க வேண்டும் என்று சில கப்பல் நிறுவனங்கள், குறிப்பாக அமெரிக்க நிறுவனங்கள், தங்கள் நிபந்தனைகளில் எழுதியிருக்கின்றன. உங்கள் நிறுவனத்தின் நிபந்தனையை நீங்களே வாசியுங்கள், அல்லது மின்னஞ்சலில் கேட்டு அவர்களுடைய பதிலை வைத்துக்கொள்ளுங்கள். துணைவி கூட வருகிறார் என்றால் அந்த நிபந்தனை எழவே எழாது. அப்போஸ்டில் என்பதோ, நொத்தாரிசின் முத்திரையும் கையொப்பமும் உண்மையானவை என்று வெளியுறவு அமைச்சு ஒட்டித் தருகிற சான்று. கடிதத்தில் எழுதியிருப்பது சரி என்று அது சொல்வதில்லை. நோர்வேக்குப் போய்வரும் கப்பல் பயணத்துக்கு அதற்கு ஒரு வேலையும் இல்லை. ஊரில் சமாதான நீதவானின் முத்திரை இல்லாமல் ஒரு கடதாசியும் நகராது என்று பழகிய நமக்கு, வெறும் கையொப்பத்தோடு ஒரு தாள் போதும் என்றால் நெஞ்சு ஆறுவதில்லை. முகவர்கள் பிழைப்பது அந்த ஆறாமையில்தான். அவ்வளவுக்கும் மனம் கேட்காவிட்டால் ஒரு சட்டத்தரணி முன்னிலையில் சத்தியக்கடதாசி முடியுங்கள்: சட்டம் நிர்ணயித்த கட்டணம் 5 பவுண், இணைப்பு ஒவ்வொன்றுக்கும் 2 பவுண். 380 பவுண் எங்கே, இது எங்கே!

அரசு இந்தக் கடிதத்துக்கு ஒரு மாதிரிப் படிவம் வெளியிட்டிருந்தால் இந்த வியாபாரமே நடக்காது. கனடா அரசு அப்படி ஒன்றை இணையத்தில் வைத்திருக்கிறது. இங்கேயோ, கடிதத்தில் தொடர்பு விவரங்களும் பயண விவரங்களும் இருக்கவேண்டும், அது பொதுவாகப் போதுமானது என்று இரண்டு வரி எழுதிவிட்டு, மிச்சத்தை மக்களின் கற்பனைக்கும் முகவர்களின் பேராசைக்கும் விட்டிருக்கிறார்கள்.

ஆகவே நான் சொல்கிறேன். கடிதம் ஆங்கிலத்தில், ஒரே பக்கத்தில் இருக்கட்டும். தந்தையின் முழுப்பெயர், முகவரி, தொலைபேசி இலக்கம்; பிள்ளைகளின் பெயர், பிறந்த திகதி, கடவுச்சீட்டு இலக்கம்; கூட்டிச்செல்லும் இருவரின் பெயர்கள்; கப்பலின் பெயர், புறப்படும் நாள், திரும்பும் நாள், தொடும் துறைமுகங்கள் ஆகியவை அதில் வேண்டும். துறைமுகப் பட்டியலின் கீழே 'கப்பல் மாற்றிச் செல்லக்கூடிய வேறெந்தத் துறைமுகத்துக்கும்' என்ற வரியைக் கட்டாயம் சேருங்கள். வடகடலில் காற்று எழுந்தால் தலைமை மாலுமி ஒரு துறைமுகத்தை விட்டுவிட்டு வேறொன்றுக்குத் திருப்புவார். அவர் உங்கள் கடிதத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பப்போவதில்லை. பேர்கனில் நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அங்கே உறவினர் வீட்டுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகும் எண்ணம் இருந்தால் அதையும் எழுதிவிடுங்கள். அவசர மருத்துவத்துக்குச் சம்மதிக்க உங்களுக்கும் அதிகாரம் தருவதாக ஒரு வரி வேண்டும். துணைவி கூட வந்தாலும் அந்த வரி தேவைதான்: அவர் கடல் மயக்கத்தில் அறையில் படுத்திருக்க, நீங்கள் 6 வயது மகனைக் கையில் பிடித்துக்கொண்டு கப்பலின் மருத்துவ நிலையத்தில் நிற்கும் நேரம் வரலாம். பொறுப்பில் வைத்திருப்பவர் பிள்ளையின் நலனுக்கு நியாயமானதைச் செய்யலாம் என்று சட்டம் சொல்கிறது; ஆனால் தாதி கேட்கப்போவது சட்டப் பிரிவை அல்ல, 'நீங்கள் இவனுக்கு யார்?' என்பதைத்தான்.

அந்தக் கேள்வி நமக்கு மற்றவர்களைவிட அதிகமாக வரும். நம் வழக்கப்படி பிள்ளையின் கடைசிப் பெயராக இருப்பது தகப்பனின் பெயர், தாயின் கடைசிப் பெயர் பெரும்பாலும் அவருடைய தகப்பனின் பெயராக இருக்கும், உங்களுடையது மூன்றாவது. நான்கு கடவுச்சீட்டுகளை ஒன்றாக விரித்துவைத்தால், எல்லைக் காவல் அதிகாரிக்கு அவை மூன்று குடும்பங்களாகத் தெரியும். ஆகையால் பெற்றோர் இருவரின் பெயரும் உள்ள முழு நீளப் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தைக் கொண்டுபோங்கள். பிள்ளையின் பெயரும் திகதியும் மட்டுமுள்ள சுருக்கப் பிரதி இதற்கு உதவாது. தாயின் பெயர் இடையில் மாறியிருந்தால் விவாகரத்துச் சான்றிதழின் பிரதியையும் வையுங்கள்.

தந்தை வட்ஸ்அப்பில் 'ஓகே' என்று அனுப்பினால் போதுமா என்று அடுத்த கேள்வி வரும். எதற்கு ஓகே? 'பிள்ளைகளை வெளியே கூட்டிப்போகிறோம்' என்பதற்கு வந்த ஓகே, நோர்வேக்கு ஓகே ஆகாது. அவர் பதிலே சொல்லவில்லை என்றால் அது சம்மதமும் அல்ல. மறுத்தால் சி100 என்ற படிவத்தில் குடும்ப நீதிமன்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். அது இருபது பக்கத்துக்கு மேல் நீளும். கட்டணம் 250 பவுணைத் தாண்டும். பெரும்பாலும் அதற்கு முன் ஒரு மத்தியஸ்த அறிமுகக் கூட்டத்துக்கும் பணம் கட்டிப் போய்வர வேண்டும். திரும்பி வருகிற திகதி உறுதியான ஒரு வார விடுமுறையை, அதுவும் கடத்தப்பட்ட பிள்ளைகளைத் திருப்பியனுப்பும் 1980ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையில் இருக்கும் நோர்வேக்கு, நீதிபதிகள் பொதுவாகத் தடுப்பதில்லை. ஆனால் அந்த நீதிபதியின் முன்னால் போய் நிற்பதற்குள் கோடைகாலம் முடிந்துபோகும் என்பதுதான் இந்த முறைமையின் அழகு. அதனால் முற்பணம் கட்டும் முன்பே தந்தையிடம் கேளுங்கள். மீதிப் பணத்தைப் பல நிறுவனங்கள் ஏறக்குறைய மூன்று மாதங்களுக்கு முன்பே வாங்கிவிடும், அதற்குப் பிறகு பயணத்தை நிறுத்தினால் பெரும்பகுதி திரும்பாது. கேட்பது உங்கள் துணைவியாக இருக்கட்டும், நீங்களாக வேண்டாம். திகதி, கப்பல், துறைமுகங்கள், மாற்று வார இறுதி, பிள்ளைகள் அவரோடு பேசுவதற்கு ஒரு நேரம் என எல்லாவற்றையும் ஒரே மின்னஞ்சலில் எழுதி, அவர் கையொப்பமிட வேண்டிய கடிதத்தையும் தட்டச்சு செய்து இணைத்து அனுப்புங்கள். கையொப்பமிடுவது சுலபமாக இருந்தால் பலர் இட்டுவிடுகிறார்கள்.

கையொப்பமிட்ட மூலப் பிரதியும் பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்களும் கடவுச்சீட்டுகளோடு கைப்பையில் இருக்கட்டும். சவுத்தாம்ப்டனில் வாகனத்தை விட்டு இறங்கியதுமே சுமையாளர்கள் பெரிய பெட்டிகளை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். மாலையில் அறை வாசலில்தான் அவற்றை மீண்டும் பார்ப்பீர்கள்.