எஞ்சின் மாற்றிய வாகனத்துக்கு ஏசி வயரிங்: கேள்விகளும் பதில்களும்

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றதிலிருந்து திருகோணமலையில் பழைய வாகனத்தின் பொடிக்கு (உடலுக்கு) வேறு எஞ்சின் இறக்குகிறவர்கள் கூடிவிட்டார்கள். 2025இல் கதவு திறந்த பிறகும், விலையைக் கேட்டவர்கள் திரும்ப கராஜுக்கே வருகிறார்கள். எஞ்சின் உட்கார்ந்துவிடும், கியர்பொக்ஸ் பொருந்திவிடும், ஏசி மட்டும் வயர் தொங்கிக்கொண்டு நிற்கும். கச்சான் காற்று தொடங்கியதும் எல்லோருக்கும் ஒரே நாளில் அது நினைவு வரும். வயரிங், செட்டிங் பற்றிக் கேளுங்கள். காஸ் நிரப்புவது என் வேலை இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நிலாவெளி வான்காரர்: அண்ணே, என்னுடையது டொல்பின் (டொயோட்டா ஹையேஸ் வான்). 3எல் எஞ்சினை எடுத்துவிட்டு 1கேஇஸட் டர்போ போட்டோம். ஏசி பட்டனை அமத்தினால் லைட் எரியுது, கிளட்ச் கொழுவுதில்லை. காஸ் இருக்குது. எங்கே பார்ப்பது?

பதில்: நல்ல கேள்வி. இங்கே கிளட்ச் என்பது ஏசி கம்பிரசரை எஞ்சின் பெல்ட்டோடு கொழுவும் காந்தக் கிளட்ச், கியர் கிளட்ச் இல்லை. இதை விளங்கிக்கொண்டால் மற்றவர்களின் பாதிக் கேள்விக்கும் இதிலேயே பதில் கிடைக்கும்.

உங்கள் பழைய 3எல் எஞ்சினில் டீசல் பம்ப் முழுக்க மெக்கானிக்கல். இசியூ (எஞ்சினை ஆளும் கணினி) கிடையாது. பட்டன், குளிர்பெட்டியில் (உள்ளே காற்றைக் குளிராக்கும் பகுதியில்) இருக்கும் தெர்மிஸ்டர் எனும் வெப்ப சென்சர், காஸ் அழுத்தத்தைப் பார்க்கும் பிரஷர் சுவிட்ச் மூன்றும் சம்மதித்தால், ஏசி ஆம்பிளிபயர் (ஏசியை ஆளும் சின்னப் பெட்டி) தானே ரிலேயை, அதாவது கிளட்ச்சுக்குக் கரண்ட் விடும் மின்சுவிட்சை, இழுத்துவிடும். எஞ்சினிடம் யாரும் கேட்கவில்லை. ஐடிலை (மிதிக்காதபோது எஞ்சின் சுற்றும் வேகத்தை) தூக்க ஒரு வெக்குவம் வால்வு மட்டும் இருந்தது. 1கேஇஸட்-டிஇ அப்படி இல்லை. அதன் பம்பை இசியூ ஆள்கிறது. இனி டேஷ்போட் கேட்க வேண்டும், எஞ்சின் அனுமதிக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் கிளட்ச். உங்கள் வானில் கேட்கிற வயரும் இல்லை, அனுமதி வருகிற வயரும் இல்லை.

டொயோட்டா இசியூக்களில் வழக்கமாக இதற்கு இரண்டு பின் (வயர் கொழுவும் முனை) இருக்கும். ‘ஏசி’ என்பது கேட்கும் பின், ‘ஏசிடி’ என்பது ஆம்பிளிபயருக்கு அனுமதி சொல்லும் பின். எஞ்சின் வந்த வாகனத்தின் வயரிங் படத்தை எடுத்து இந்த இரண்டையும் தேடுங்கள். எந்த வருட எஞ்சின் என்று தெரியாமல் பின் நம்பர் சொல்ல மாட்டேன். யாராவது சொன்னாலும் கேட்காதீர்கள்.

வயரைக் கொழுவுவதற்கு முதல் ஒரு சோதனை. கேட்கும் பின்னில் ஒன்றையும் கொழுவாமல், சாவியை ஒன் பண்ணி, மீற்றரை வைத்துப் பாருங்கள். 5 அல்லது 12 வோல்ட் காட்டினால் அந்தப் பின் ஏர்த் வருவதற்காகக் காத்திருக்கிறது. ஒன்றும் காட்டாவிட்டால் பெரும்பாலும் பிளஸ் எதிர்பார்க்கிறது. பிறகு படத்தோடு ஒப்பிட்டு உறுதி செய்யுங்கள். ஏர்த் கேட்கும் பின்னுக்கு 12 வோல்ட் கொடுத்தால், அதிர்ஷ்டம் இருந்தால் ஒன்றும் நடக்காது. இல்லாவிட்டால் இசியூ போகும். டேஷ்போட் பிளஸ் தருகிறது, எஞ்சின் ஏர்த் கேட்கிறது என்றால் நடுவில் ஒரு சின்ன ரிலே, அதன் முனைகளில் எழுதியிருக்கும் நம்பர்படி: 86க்கு டேஷ்போட் பிளஸ், 85க்கு ஏர்த், 30க்கு ஏர்த், 87 இசியூ பின்னுக்கு. வேலை முடிந்தது.

பாலையூற்று: வயர் நிறத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாதா? கறுப்பில் வெள்ளைக் கோடு என்றால் கிளட்ச் வயர்தானே?

பதில்: முடியாது. அதே நிறம் அடுத்த வருட மொடலில் வேறு வேலை செய்யும். மீற்றரை எடுங்கள்.

மூதூர்: பெற்றோல் லைட்ஏஸ் பொடி, 5கே எடுத்து 2சி டீசல் போட்டிருக்கிறேன். பழைய ஏசி செட் அப்படியே இருக்கிறது. ஏசி ஒரு நொடிகூட வேலை செய்யவில்லை. பட்டனில் கரண்ட் இருக்கிறது.

பதில்: ஆம்பிளிபயர் பெற்றோலுக்குரியது. எஞ்சின் சுற்றுகிறதா என்று அது இக்னிஷன் கொயிலில் இருந்து வரும் துடிப்பை வைத்துத்தான் பார்க்கும். டீசலில் கொயில் ஏது? அதற்கு உங்கள் எஞ்சின் எப்போதும் நின்றுகொண்டிருக்கிறது, அதனால் கிளட்ச்சை விடாது. சிலர் ஓல்டனேற்றரின் டபிள்யூ முனையில் இருந்து வயர் இழுத்து ஏமாற்றப் பார்ப்பார்கள். துடிப்பின் கணக்கே வேறு, நம்பி இருக்க முடியாது. டீசல் லைட்ஏஸில் இருந்து ஆம்பிளிபயரை எடுத்துப் போடுங்கள், பிளக் பொருந்துகிறதா என்று பார்த்து வாங்குங்கள். கிடைக்காவிட்டால் ஆம்பிளிபயரை விட்டுவிட்டு, குழாய் வைத்த சாதாரண தெர்மோஸ்டாட்டைக் குளிர்பெட்டியின் இறகுகளுக்குள் செருகி, அதையும் பிரஷர் சுவிட்சையும் ரிலேயின் கொயிலோடு வரிசையாகப் போடுங்கள். 3 டிகிரி அளவில் வெட்ட வேண்டும். தெர்மோஸ்டாட் இல்லாமல் மட்டும் ஓடாதீர்கள். ஐஸ் கட்டி, காற்று அடைபட்டு, “ஏசி அரை மணித்தியாலம்தான் வேலை செய்யுது” என்று இங்கேயே திரும்பி வருவீர்கள்.

சீனக்குடா: காஸ் எத்தனை பிஎஸ்ஐ இருக்க வேண்டும்?

பதில்: காஸ் என் வேலை இல்லை என்று மேலே சொல்லியிருக்கிறேன். ஆனாலும் ஒன்று. நிற்கிற வண்டியில், நம் ஊர் வெயிலில், 134ஏ காஸ் இருந்தால் கேஜ் 100 பிஎஸ்ஐக்குக் கிட்டத்தான் காட்டும். கால்வாசி இருந்தாலும் அதுதான், நிறைய இருந்தாலும் அதுதான். எடை போட்டு நிரப்புகிறவரிடம் போங்கள்.

அனுராதபுரச் சந்தி: கொரொல்லாவுக்கு வேறு கம்பிரசர் போட்டோம். ஏசி லைட் சில நொடியில் மின்னத் தொடங்குகிறது, ஏசி நின்றுவிடுகிறது. ஓஃப் பண்ணி ஒன் பண்ணினால் திரும்பவும் அதே கதை.

பதில்: புதிய கம்பிரசரில் கிளட்ச் வயரைத் தவிர வேறு சின்ன பிளக் இருக்கிறதா? இருக்காது. பழையதில் இருந்திருக்கும். அது லொக் சென்சர். கம்பிரசர் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று அது சொல்ல, ஆம்பிளிபயர் அதை எஞ்சின் சுற்றோடு ஒப்பிடும். ஒத்துப்போகாவிட்டால் கம்பிரசர் இறுகிவிட்டது என்று முடிவெடுத்து வெட்டிவிடும். சென்சரே இல்லாத கம்பிரசர் அதற்கு இறுகின கம்பிரசர்தான். 4 சிலிண்டர் ஆம்பிளிபயரை 6 சிலிண்டர் எஞ்சினோடு வைத்தாலும், புலியை (பெல்ட் ஓடும் சில்லை) மாற்றினாலும் இதே மின்னல் வரலாம். கணக்குப் பிழைத்துவிடும்.

சென்சர் உள்ள கம்பிரசர் தேடுங்கள், அல்லது லொக் சென்சர் பார்க்காத ஆம்பிளிபயர் போடுங்கள். பொய்த் துடிப்புக் கொடுக்கும் சின்னச் சர்க்கிட் விற்கிறார்கள். ஓல்டனேற்றர், ஸ்டியரிங், தண்ணீர்ப் பம்ப் எல்லாம் ஒரே பெல்ட்டில் என்றால் அதைத் தொடாதீர்கள். கம்பிரசர் இறுகும் நாளில் பெல்ட் அறும், எல்லாம் ஒன்றாகப் போகும்.

லிங்கநகர்: காஸ் கொஞ்சம் குறைவு. பிரஷர் சுவிட்ச் பிளக்கில் ஒரு துண்டு வயரைப் போட்டு ஜம்ப் பண்ணி ஓடலாமா? அடுத்த மாசம் சரி செய்வேன்.

பதில்: அடுத்த மாசம் கம்பிரசரும் சேர்த்து வாங்குவீர்கள். காஸோடு சேர்ந்துதான் எண்ணெய் சுற்றுகிறது. சுமார் 2 பாருக்குக் கீழே போனால் அந்தச் சுவிட்ச் வெட்டுவது அதற்காகத்தான். அதே சுவிட்ச் மேலே 30 பார் அளவில் வெட்டுவது பைப் வெடிக்காமல் இருக்க. பிரஷர் சுவிட்சை ஜம்ப் பண்ணாதீர்கள். இதைத் தனியாக எழுதி கராஜ் சுவரில் ஒட்டலாம்.

கிண்ணியா கராஜ்: தம்பி, நீங்கள் சனங்களைச் சும்மா பயப்படுத்துகிறீர்கள். இசியூ, அனுமதி, சம்மதம் என்று கலியாணம் பேசுகிற மாதிரி இருக்கிறது. சுவிட்சில் இருந்து ரிலே, ரிலேயில் இருந்து கிளட்ச். கராஜ் தொடங்கிய நாளில் இருந்து அப்படித்தான் போடுகிறேன். எல்லாம் ஓடுது.

பதில்: நானா, நீங்கள் போடுவது 2சி, 3எல், 4டி56. மெக்கானிக்கல் பம்ப். அதில் நேரடி வயர் சரிதான், பிரஷர் சுவிட்சும் தெர்மோஸ்டாட்டும் வரிசையில் இருந்தால். இசியூ எஞ்சினுக்கு அது பொருந்தாது. கிளட்ச் கொழுவும்போது எஞ்சின் தலையில் திடீரென்று சுமை விழுகிறது. முன்பே தெரிந்தால் இசியூ ஐடிலைத் தூக்கிவிட்டுக் காத்திருக்கும். தெரியாவிட்டால் சுற்று விழுந்த பிறகு ஓடிப்போய்ப் பிடிக்கும். சிக்னலில் நிற்கும்போது வண்டி குலுங்குவது அதனால்தான்.

கிண்ணியா கராஜ்: ஐடில் ஸ்குரூவைக் கொஞ்சம் கூட்டிவிட்டால் குலுங்காது.

பதில்: ஏசி போடாத நேரமும் கூடித்தான் இருக்கும். ஓட்டோ கியர் என்றால் டியில் போட்டதும் பிரேக்கை மீறி இழுக்கும்.

கிண்ணியா கராஜ்: நான் செய்வதெல்லாம் மனுவல்.

பதில்: அதனால்தான் தப்பித்துக்கொண்டிருக்கிறீர்கள், நானா.

கந்தளாய்: நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். என்னுடையது இசியூ எஞ்சின், படத்தின்படியே வயரிங். ஹபரணை றோட்டில் லொறியை முந்த முழுக்க மிதித்தால் ஏசி சில நொடி வெட்டுகிறது. பழுதா?

கிண்ணியா கராஜ்: பார்த்தீர்களா, இசியூ காட்டுகிற கூத்து! நேரடி வயரில் இது வராது.

பதில்: பழுதில்லை, கந்தளாய்த் தம்பி. முழு மிதியில் கம்பிரசரை விட்டு அந்தச் சக்தியையும் சில்லுக்குக் கொடுக்கிறது. லொறியைக் கடந்ததும் தானே கொழுவும். நானா, இதைக் கூத்து என்கிறீர்கள். சின்ன எஞ்சின், உள்ளே எட்டுப் பேர், எதிரே பஸ். அந்த நேரம் எனக்குக் கூத்துத்தான் வேண்டும்.

உப்புவெளி: கிண்ணியா நானா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இசியூ படம் தேடியே என் வேலை மூன்று கிழமை இழுபட்டது. நேரடி வயர் ஒரு பின்னேரம்.

பதில்: மறுக்கவில்லை. கேட்கும் வயரையாவது கொடுங்கள் என்கிறேன். கிளட்ச்சை நேரடியாகப் போட்டாலும், அதே ரிலேயில் இருந்து ஒரு வயரை இசியூவின் கேட்கும் பின்னுக்கு, அது எதிர்பார்க்கிற பிளஸோ ஏர்த்தோ பார்த்துக் கொடுத்தால் ஐடில் தூக்கும். அரைக் கிணறுதான், ஆனாலும் ஒன்றுமில்லாததற்கு இது மேல்.

கிண்ணியா கராஜ்: அந்த ஒரு வயர் என்றால் போடலாம்.

உவர்மலை, பள்ளி வான் ஓட்டுகிறேன்: அண்ணா, எஞ்சின் மாற்றினதில் இருந்து ஓடும்போது நல்ல குளிர். பாடசாலை வாசலில் நின்றால் சுடு காற்று. கராஜில் கம்பிரசர் மாற்றச் சொல்கிறார்கள்.

பதில்: தங்கச்சி, கம்பிரசர் மாற்றக் காசு கொடுக்காதீர்கள், முதலில் இதைப் பாருங்கள். ஓடும்போது குளிர்கிறது என்றால் கம்பிரசர் வேலை செய்கிறது. நிற்கும்போது கொன்டென்சருக்கு (காஸின் சூட்டை வெளியே விடும் முன்பக்க வலைக்கு) காற்று வரவில்லை. ஏசி போட்டதும் கொன்டென்சர் விசிறி சுற்றுகிறதா என்று கண்ணால் பாருங்கள். எஞ்சின் மாற்றும்போது விசிறி ரிலேயின் வயரை விட்டுவிடுவது வழக்கம். சுற்றாவிட்டால் அதுதான். சுற்றினால், காற்று எந்தப் பக்கம் போகிறது என்று ஒரு கடதாசித் துண்டை வைத்துப் பாருங்கள். பிளஸும் ஏர்த்தும் மாறிப்போய் விசிறி பின்பக்கமாகச் சுற்றுவதும் நடக்கும். சுற்றுகிறது ஆனால் மெதுவாக என்றால் ஏர்த் புள்ளியைச் சுரண்டுங்கள். கடற்காற்றில் அது பச்சை பிடித்துப்போகும். விசிறிக்குத் தனி ரிலே, தனிப் பியூஸ், பற்றரியில் இருந்து நேர் வயர்.

ஒரு வாசகர்: கேஇ70 கொரொல்லா, 4ஏஜிஇ எஞ்சின், செட்டிங்கை நாமே மாற்றக்கூடிய தனி இசியூ. ஏசி செட்டிங்கில் என்னென்ன எண் போடலாம்?

பதில்: இதற்காகத்தான் காத்திருந்தேன். ஏசி கேட்டதும் ஐடிலை நிமிடத்துக்கு 100 முதல் 150 சுற்று வரை தூக்கச் சொல்லுங்கள். ஐடில் வால்வு திறந்த பிறகு கிளட்ச் கொழுவ அரை நொடி தாமதம் வையுங்கள். இந்த அரை நொடிதான் எல்லாம். இதை வைக்காமல் ஐடில் பெறுமானங்களோடு இரவெல்லாம் மல்லுக்கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஸ்டார்ட் ஆகிச் சில நொடி ஏசி வேண்டாம். திரொட்டில் 80 வீதத்துக்கு மேல் வெட்டு. எஞ்சின் சுற்றுக்கு மேல் எல்லை 5500 அளவில், அதற்கு மேல் கம்பிரசர் வேகம் தாங்காது, 4ஏஜிஇ தாங்கும். தண்ணீர் 105 டிகிரி தாண்டினால் வெட்டு. வெட்டும் எண்ணும் திரும்பக் கொழுவும் எண்ணும் ஒன்றாக இருக்கக் கூடாது, இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் கிளட்ச் டிக் டிக் என்று அடித்துக்கொண்டே இருக்கும்.

இசியூவின் பின்னை நேரே கிளட்ச்சுக்குக் கொடுக்காதீர்கள். கிளட்ச் கொயில் 3, 4 ஓம்தான், 3 முதல் 4 அம்பியர் இழுக்கும். ரிலே வழியாக மட்டும். கொயிலுக்குக் குறுக்கே 1என்4007 டயோட் ஒன்று, கோடு போட்ட முனை பிளஸ் பக்கம். மாறிப் போட்டால் பியூஸ் போகும்.

சீனக்குடா: பிரியஸின் கரண்ட் கம்பிரசரை வானுக்குப் போடலாமா? மலிவாகக் கிடைக்கிறது.

பதில்: 200 வோல்ட்டுக்கு மேல். அதற்குரிய எண்ணெயும் வேறு, சாதாரண ஏசி கம்பிரசருக்குரிய பேக் (பிஏஜி) எண்ணெய் கலந்தால் உள்ளே மின்தடை கெட்டுவிடும். போடாதீர்கள், கழற்றவும் போகாதீர்கள்.

நகரத்தில் இருந்து: எஞ்சின் நம்பர் மாறினதைப் பதிய வேண்டுமா?

பதில்: வேண்டும். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேளுங்கள், வயர்க்காரனிடம் கேட்காதீர்கள்.

தம்பலகாமம்: அண்ணே, என் ஏசி குளிரில்லை. காஸ் எவ்வளவு நிரப்ப?

பதில்: சீனக்குடாவுக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள். பிரஷர் சுவிட்ச் பிளக்கில் துண்டு வயர் ஏதும் செருகியிருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள்.