பழைய கோப்புகளுக்கும் வாடகை உண்டு

கேள்வி: எங்கள் பின்னலாடை நிறுவனத்தில் பதினைந்து ஆண்டு மின்னஞ்சல்கள், ரத்தான ஆர்டர்களின் படங்கள், வேலை கேட்டு வந்து சேராமல் போனவர்களின் ஆதார் நகல்கள் என எதையுமே அழிப்பதில்லை. “க்ளவுடில் இடம் மலிவுதானே” என்கிறார் உரிமையாளர். இதனால் நிறுவனத்துக்கோ சுற்றுச்சூழலுக்கோ உண்மையில் இழப்பு உண்டா?
– வாசகர், திருப்பூர்

பதில்: உண்டு, ஆனால் மாதக் கட்டணச் சீட்டில் அது முழுமையாகத் தெரிவதில்லை. க்ளவுடில் ஏற்றிய கோப்பு எங்கோ ஒரு தரவு மையத்தின் வட்டுகளில், ஒன்று பழுதானாலும் தொலைந்துவிடாதபடி பெரும்பாலும் பல பிரதிகளாக இருக்கிறது. அதை யாரும் திறக்காத நாளிலும் வட்டுகள் மின்சாரம் இழுக்கின்றன, அவற்றின் வெப்பத்தை அகற்றக் குளிரூட்டிகள் ஓடுகின்றன. உலகத் தரவு மையங்கள் 2024-இல் ஏறத்தாழ 415 டெராவாட் மணி மின்சாரத்தை, அதாவது உலக நுகர்வில் 1.5 சதவீதத்தைப் பயன்படுத்தியதாகப் பன்னாட்டு எரிசக்தி முகமை மதிப்பிட்டுள்ளது. அயர்லாந்தில் 2023-இல் இந்தப் பங்கு 21 சதவீதம். இதில் பெரும்பகுதி கணக்கிடும் சர்வர்களுக்கே செல்கிறது, சேமிப்பின் பங்கு சிறியது என்பதையும் சொல்லியாக வேண்டும். உங்கள் பழைய படங்களை அழித்தால் பூமி குளிர்ந்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன்.

நிறுவனத்துக்கு நேரும் இழப்பே எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஒரே அளவுப் பட்டியல் பத்துப் பேரின் கணினியில் “ஃபைனல்”, “ஃபைனல் 2” என்று கிடக்கும்போது, எதை நம்பித் துணி வெட்டுவது என்று தேடுவதிலேயே பொழுது போகிறது. அதைவிட மோசமானது, தேவையே இல்லாத ஆதார் நகல்கள் என்றோ ஒருநாள் திருடுபோவது. வாடகைதாரர்களின் பழைய விவரங்களை, அழிக்கும் வசதியே இல்லாத காப்பகத்தில் வைத்திருந்ததற்காக டாய்ச்ச வோனன் என்ற வீட்டு வாடகை நிறுவனத்துக்குப் பெர்லின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2019-இல் 1.45 கோடி யூரோ அபராதம் விதித்தது. அதை எதிர்த்த வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை சென்றது. நம் நாட்டின் 2023-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், வேறு சட்டம் வைத்திருக்கச் சொன்னாலொழிய, நோக்கம் முடிந்த தரவை அழிக்கச் சொல்கிறது.

ஆயினும் அலுவலகத்துக்குள் அழித்தவரைத்தான் பின்னால் கேள்வி கேட்பார்கள், வைத்திருந்தவரை யாரும் கேட்பதில்லை. குவியல் வளர்வதற்கு மலிவு விலையைவிட இந்த அச்சமே காரணம். ஆகவே எந்த வகைக் கோப்பு எத்தனை ஆண்டு இருக்க வேண்டும், யார் அழிக்கலாம் என்பதை ஒரு பக்கத்தில் எழுதி உரிமையாளரே கையொப்பமிடட்டும். கம்பெனியாகப் பதிவான நிறுவனம் கணக்குப் புத்தகங்களை 8 ஆண்டும், ஜி.எஸ்.டி. ஆவணங்களை ஆண்டுக் கணக்கறிக்கைக்கான கெடு நாளிலிருந்து 72 மாதமும் வைத்திருக்க வேண்டும். நிலுவையிலுள்ள வழக்கு தொடர்பானவற்றைத் தொடவே கூடாது. பட்டியல் தயாரானதும், சேராமல் போனவர்களின் ஆதார் நகல்களிலிருந்து தொடங்குங்கள்.