ஆர்சனிக் ஏன் ஜிங்க் இருக்கிற புரோட்டீன்ல போய் உக்காருது?

நீங்க கேட்டது, ஆர்சனிக் எல்லா ஜிங்க் புரோட்டீனையும் கெடுக்குமான்னு. இல்லைங்க, அது பாத்துதான் பிடிக்கும்.

அது குறி வைக்கிற இடம் ஜிங்க் ஃபிங்கர், அப்படின்னா புரோட்டீன்ல ஒரு சின்ன மடிப்பு, நடுவுல ஒரு ஜிங்க் அயனி, அதை 4 அமினோ அமிலம் சுத்தி பிடிச்சிருக்கும், சிலதுல 2 சிஸ்டீன் 2 ஹிஸ்டிடின், சிலதுல 3 சிஸ்டீன் 1 ஹிஸ்டிடின், சிலதுல நாலுமே சிஸ்டீன். சிஸ்டீன்ல கந்தகம் இருக்கு, மூணு இணைதிறன் ஆர்சனிக்குக்கு, அதாவது ஆர்சனைட்டுக்கு, கந்தகம்னா அவ்ளோ ஈர்ப்பு, ஒரே நேரத்துல மூணு கந்தகத்தை பிடிச்சுக்கும். அதனாலதான் 3 அல்லது 4 சிஸ்டீன் இருக்கிற இடத்துல ஜிங்க்கை தள்ளிட்டு அது உக்காந்துடுது, 2 மட்டும் இருந்தா பெருசா ஒட்டாது. ஆனா உடம்புக்குள்ள ஆர்சனிக்கோட மீத்தைல்ங்கிற சின்ன கார்பன் தொகுதி சேர்ந்து உருவாகுற மூணு இணைதிறன் வடிவத்துக்கு 2 கந்தகமே போதும், அதனால அது இன்னும் மோசம்னுதான் நான் சொல்வேன்.

ஜிங்க் போனா மடிப்போட வடிவம் மாறிடும், வேலை நின்னுடும். பார்ப்-1, எக்ஸ்பிஏ ரெண்டும் டிஎன்ஏ ரிப்பேர் பண்ற புரோட்டீன்கள், ரெண்டுலயும் இந்த மாதிரி ஃபிங்கர் இருக்கு, அதுங்க முடங்கினா டிஎன்ஏ சேதம் சரியாகாம சேர்ந்துகிட்டே போகும், ஆர்சனிக் கேன்சர் உண்டாக்குறதுக்கு இது ஒரு முக்கிய காரணம்.

இதே குணம் மருந்தாவும் ஆகுது, அக்யூட் புரோமைலோசைட்டிக் லுகீமியாங்கிற ரத்தப் புற்றுநோய்ல ஆர்சனிக் ட்ரையாக்சைடு கொடுக்கிறாங்க, அங்க அது பிஎம்எல்ங்கிற புரோட்டீனோட சிஸ்டீன்ல ஒட்டி, அதோட இணைஞ்சிருக்கிற கேன்சர் புரோட்டீனையே செல் அழிக்கிற மாதிரி பண்ணிடுது.