பொன்னாலை முதல் பருத்தித்துறை வரை: இரண்டு நாள் கடலோரப் பயணம்

தஞ்சாவூர் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "மே கடைசியில் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி, மனைவி, மகளோடு காங்கேசன்துறை வருகிறோம். கையில் இரண்டு நாள். கிழக்குக் கடற்கரைச் சாலை மாதிரி கடலை ஒட்டியே போகிற ரோடு யாழ்ப்பாணத்தில் உண்டா? ஸ்கூட்டர் எடுத்து ஓட்டலாமா?"

ஸ்கூட்டரை விட்டுவிடுங்கள். இந்திய லைசென்ஸ் மட்டும் இங்கே செல்லாது. சர்வதேச அனுமதிப்பத்திரம் கொண்டுவந்தாலும் அதற்கு இலங்கையில் அங்கீகாரம் வாங்க வேண்டும். அதோடு, நீங்கள் வரும்போது சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று பிடித்திருக்கும். கடலுக்கு நடுவே போகும் வீதிகளில் அந்தக் காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும். நாள் வாடகைக்கு ஓர் ஓட்டோ பேசிக்கொள்ளுங்கள்.

சரி, ரோடு? ஒரே நீளமாக இல்லை. மேற்கே தீவுப்பக்கம் ஒரு நாள், வடக்கே வடமராட்சி (பருத்தித்துறைப் பக்கம்) ஒரு நாள் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் காலையில் பொன்னாலைப் பாலம் வழியாகக் காரைநகர். வெயில் ஏறுமுன் கசூரினா கடற்கரையில் குளித்துவிடலாம். சவுக்கு மரங்களால் வந்த பெயர். வெகுதூரம் நடந்தாலும் தண்ணீர் இடுப்பளவுதான். அப்புறம் ஊர்காவற்துறைக்குப் 'பாதை'யில் போக வேண்டும். பாதை என்றால் இங்கே வழி அல்ல, ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிக் கடலைக் கடக்கும் மிதவை. ஒருமுறை நான் விசாரிக்காமல் போய், அது பழுதாகிக் கிடக்க, வந்த வழியே திரும்பினேன். ஓடுகிறதா, ஓட்டோவை ஏற்றுவார்களா என்று காலையிலேயே சாரதியை விசாரிக்கச் சொல்லுங்கள். அக்கரை போகும்போது கடலுக்குள் தனியே நிற்கும் கோட்டை தெரியும். போர்த்துக்கேயர் கட்டி, 1658இல் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) பிடித்த ஹம்மன்ஹீல் அது. பெயருக்குப் பன்றித் தொடையின் குதிகால் என்று பொருள். இலங்கை வரைபடம் ஒல்லாந்தருக்குப் பன்றித் தொடை மாதிரித் தெரிந்திருக்கிறது!

ஊர்காவற்துறையிலிருந்து வேலணை வழியாகப் பண்ணைப் பாலத்துக்கு மாலை ஐந்தரைக்குள் வந்துவிடுங்கள். இரண்டு பக்கமும் ஆழமில்லாத களப்பு. மீன் பிடிக்கும் சிறகுவலைக் கம்புகள் வரிசையாக நட்டிருக்கும்; இடுப்பளவு நீரில் ஆட்கள் கூடையோடு நடந்துபோவார்கள். எனக்கு யாழ்ப்பாணத்தில் பிடித்த காட்சி இதுதான், யாழ்ப்பாணக் கோட்டையைவிடவும். நயினாதீவு, நெடுந்தீவு இரண்டையும் இதே நாளில் திணிக்காதீர்கள். குறிகட்டுவானில் படகுக்குக் காத்திருந்தே பாதி நாள் போய்விடும்.

இரண்டாம் நாள் கீரிமலை. அலை அடிக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே நல்லதண்ணீர்க் கேணி. மழைநீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, கடலோரத்தில் ஊற்றாக வெளியே வருகிறது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கேணி, மாற்றுடுப்பு மறக்காதீர்கள். பலாலிப் பக்கம் இராணுவக் கட்டுப்பாட்டு நிலம் இருப்பதால் கடலோரமாகவே தொடர முடியாது. உள்ளே திரும்பி, அச்சுவேலி வழியாகத் தொண்டைமானாற்றில் மறுபடி கடலைப் பிடியுங்கள். அங்கிருந்து வல்வெட்டித்துறை தாண்டிப் பருத்தித்துறை வரை போவதுதான் நீங்கள் கேட்ட ரோடு. வீட்டு மதில் ஒரு பக்கம், கடல் மறு பக்கம். அவசரப்படாமல் போகச் சொல்லுங்கள்.

பருத்தித்துறையில் வடை வாங்காமல் திரும்பாதீர்கள். பார்த்தால் உங்கள் ஊர்த் தட்டை மாதிரி இருக்கும், ஆனால் வடை என்றே கேளுங்கள். நாகப்பட்டினம் போய்ச் சேர்ந்த பிறகும் மொறுமொறுப்பாகத்தான் இருக்கும்.